அந்த மேட்டு நிலம் பற்றி

சூரியநெல்லி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கம்மாவுக்கு மழைக்கு மூட்டுவலி கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளையும் அனுப்பின படங்களை ஜீப் ஸ்டாண்டில் உட்கார்ந்து பெரிது பண்ணிப் பார்த்தேன். உருண்டை உருண்டையாக வெள்ளைக் கூடாரம், உள்ளே மெத்தைக் கட்டில், கண்ணாடி மாதிரி முன்பக்கம், வெளியே மரத்தளத்தில் சுடுதண்ணீர்த் தொட்டி. நம்ம மேட்டு நிலத்தில் இப்படி ஆறு போடணும், பேங்க் லோன், 2030க்குள் கடன் அடைந்துவிடும் என்று மாப்பிள்ளை கணக்கும் போட்டு அனுப்பியிருக்கிறார். போனில் பேசினால் பாதியிலேயே 'அப்பா, நீங்க ஒண்ணு' என்று ஆரம்பிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்க வாசித்துவிட்டுச் சண்டைக்கு வா.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடாரம் போடுங்கள். மேட்டில் வேண்டாம். கீழே பழைய ஏலக்காய் ஸ்டோர் பக்கத்து நிலத்தில் போடுங்கள். ஆறும் வேண்டாம், மூன்று போதும்.

ஆள் வருமா என்ற சந்தேகம் உங்கம்மாவுக்குத்தான். 'துணிக்குள்ள படுக்கவா பத்தாயிரம் கொடுப்பான்?' என்று கேட்கிறாள். கொடுப்பான். இத்தனை வருஷம் விடிகாலை நாலு மணிக்கு ஆள் ஏற்றிக் கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டினவன் நான். மலை தேனி மாவட்டம், வண்டி ஏறும் வழி இடுக்கி மாவட்டம். 7,900 அடி உயரத்தில் 1930களில் வந்த டீ ஃபேக்டரி. மேகம் காலுக்குக் கீழே கிடப்பதைப் பார்க்க அந்தக் கல் ரோட்டில் இடுப்பு உடைய வருகிறார்கள். முன்பெல்லாம் வந்தது காலேஜ் பையன்கள். ரெண்டு பேர் படுக்கிற சின்ன டென்ட், நூடுல்ஸ், கிட்டார், ராத்திரி முழுக்கக் கூச்சல். இப்போது வருகிறவர்கள் வேறு மாதிரி. அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், கைக்குழந்தையோடு வருகிறார்கள். மலை பார்க்கணும், ஆனால் கக்கூஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கணும், பல் தேய்க்கச் சுடுதண்ணீர் வேண்டும். அதில் தப்பே இல்லை. வயசான மனுஷிக்கும் படுக்கையில் இருந்தபடி மலை தெரியட்டுமே. அந்தக் காசைக் கொடுக்க ஆள் இருக்கிறது. அதை நம்ம ஊர் ஆள் வாங்கினால் எனக்குச் சந்தோஷம்தான்.

இனி மேட்டு நிலத்துக்கு வருகிறேன். நடுவில் குழிவாக இறங்குகிற இடம் உனக்குத் தெரியும், மழைக்காலத்தில் ஊற்றுக்கண் திறக்கிற இடம். படத்தில் பார்க்கிறவனுக்கு அதுதான் அருமையான இடம், பள்ளத்தாக்கு முழுக்க எதிரே விரிகிறது. மாப்பிள்ளையின் வரைபடத்தில் ரெண்டு கூடாரம் சரியாக அங்கேதான் இருக்கிறது. ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டி மூன்று தட்டாகச் சமப்படுத்துவதாகவும் எழுதியிருக்கிறார். பாப்பா, மலையில் தண்ணீர் கூடுவது அந்தக் குழிவில்தான். மேலே கொஞ்சம் மண், அடியில் பாறை. நாள்கணக்காகப் பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கிப் பாறைக்கு மேல் தேங்கினால் மண் பிடிப்பை விட்டுவிடும். அந்த நேரத்தில் அடிவாரத்தை வெட்டி வைத்திருந்தால் மேல்மண்ணுக்கு முட்டுக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் உருள்பொட்டல், அதுதான் நிலச்சரிவு, வந்தது. தோட்டத் தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகள், அந்த லயங்கள் போய்விட்டன, 70 பேர் போய்விட்டார்கள். எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளின நம்ம தமிழ்க் குடும்பங்கள். அந்த மண் லயத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பவில்லை. ரொம்ப மேலே, யாரும் வெட்டாத காட்டு மலையிலிருந்து வந்தது. வெட்டாத மலையே அப்படி வரும்போது, வெட்டின மலையிடம் நாம் எந்த முகத்தோடு நியாயம் கேட்பது? 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் நடந்ததை நீ டிவியில் பார்த்தாய். அப்போது ராத்திரியோடு போன் பண்ணி 'அப்பா, நம்ம பக்கம் எப்படி இருக்கு' என்று கேட்டவள் நீதான். ஜேசிபி அந்த நிலத்தில் ஏறக் கூடாது. இதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

மேட்டில் இன்னொரு சங்கதி, ஆனை. ஆனையிறங்கல் ஏரித் தண்ணிக்குப் போகிற ஆனைகளுக்கு மேட்டு ஓரம் நெடுநாள் வழி. அரிக்கொம்பன் என்கிற ஆனையை 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியார் புலிகள் காப்பகத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். மே மாசம் அவன் கம்பம் டவுனுக்குள் நடந்து வந்தான். ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அவன் போனதோடு ஆனை போய்விட்டது என்று டவுன்காரன் நினைக்கலாம், நீ நினைக்கக் கூடாது. ரேஷன் அரிசி வாசனைக்குச் சுவரை இடித்தவனுக்குத் துணி ஒரு சுவரா? 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்டில் தங்க வந்த ஒரு பெண்ணை ஆனை கொன்றது. கூடாரம் எங்கே போட்டாலும் உள்ளே சாப்பாட்டுச் சாமான் ஒரு பொட்டலம்கூட இருக்கக் கூடாது. அரிசி, வெல்லம், உப்பு எல்லாம் ஸ்டோரின் கல் கட்டடத்துக்குள். ராத்திரி எட்டுக்கு மேல் விருந்தாளி தனியாக நடக்கக் கூடாது. இதையெல்லாம் வந்து இறங்கின உடனே சிரித்த முகத்தோடு சொல்லணும், போர்டில் எழுதி மாட்டிவிட்டால் ஒருத்தனும் வாசிக்கமாட்டான்.

கேம்ப்ஃபயர் இல்லாமல் யாரும் வரமாட்டார்கள் என்கிறாய். சரி. ஆனால் குரங்கணித் தீ 2018 மார்ச் 11-ல் நடந்தது. கொழுக்குமலையிலிருந்து இறங்கினவர்கள் காய்ந்த புல்லுக்குள் மாட்டிக்கொண்டார்கள், 23 உயிர் போனது. விருந்தாளி அதிகம் வருகிற ஜனவரி, பிப்ரவரியில்தான் புல்லும் காய்கிறது. கல் அடுக்கின குழி, பக்கத்தில் தண்ணி டிரம், காவலுக்கு ஓர் ஆள். பிப்ரவரி பாதிக்கு மேல் தீயே கிடையாது, பதிலுக்குச் சுக்குக் காப்பி கொடு. 'ஃபீல்' போய்விடும் என்பாய். போகட்டும்.

கூடாரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. இந்த டோமில் ஆள் கொண்டுபோய் இறக்கி, காலையில் அவர்கள் புலம்பலையும் கேட்டவன். உருண்டை வடிவம் காற்றுக்கு நல்லது, ஜூன் ஜூலைக் காற்றில் சதுரக் கூடாரத்தைவிட நன்றாக நிற்கும். அது மெய். ஆனால் நம்ம குளிருக்கு உள்ளே மூச்சும் குளியல் ஆவியும் சேர்ந்து, விடியற்காலையில் இட்லிக் கொப்பரை மூடி மாதிரி மேலிருந்து சொட்டும். மெத்தை ஈரம். அதற்கு ரெட்டைத் துணி வேண்டும், உச்சியில் காற்றுப்போக்கு வேண்டும், குளியலறையைத் தனியாகத் தடுத்து வெளியே காற்று தள்ளுகிற ஃபேன் வைக்கணும். கண்ணாடி போன்ற முன்பக்கம் கிழக்கே பார்த்தால் பத்து மணிக்கு உள்ளே இருக்க முடியாது, திரை கட்டாயம். இந்தச் செலவெல்லாம் மாப்பிள்ளையின் கணக்கில் இல்லை. காரைத்தளம் போடாதீர்கள், கால் ஊன்றி மேலே மரத்தளம், மழைத்தண்ணி அடியில் ஓடிப்போகட்டும். சில்வர் ஓக் நிழல் அழகாகத்தான் இருக்கும், கிளை முறிந்தால் நேராகக் கூடாரத்தின் மேல்தான் விழும். தள்ளிப் போடு.

கேன்வாஸ் கூடாரம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் ஒருதரம் சின்னாறு, மறையூர் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அது மழை மறைவுப் பிரதேசம், துணி காயும். சின்னாற்றில் வனத்துறையே குடில் வைத்து ஆள் தங்கவிடுகிறது, எப்படி நடத்துகிறார்கள் என்று கண்ணால் பாருங்கள். இங்கே நம்ம மழைக்கு ஒரு சீசனில் கறுப்புப் பூஞ்சை புள்ளி புள்ளியாக ஏறிவிடும்.

யாரும் யோசிக்காத ஒரு வேலை இருக்கிறது, போர்வை காய வைப்பது. ஒரு கட்டிலுக்கு ஒரு விரிப்பு, ரெண்டு தலையணை உறை, ஒரு தடித்த போர்வை. மழையும் மூடுபனியும் பிடித்தால் வெயிலே கிடையாது. தடித்த போர்வை ஒரு வாரம் ஆனாலும் ஈரவாடை போகாது. பெரிய ஹோட்டல்காரன் மெஷின் வைத்துக்கொள்வான். நமக்கு ஸ்டோர் இருக்கிறதே! தாத்தா ஏலக்காய் உலர்த்தின அதே அறை, அடுப்பும் சூட்டுக் குழாயும் இன்னும் கிடக்கிறது, பழுது பார்த்தால் போதும். ஒரு ராத்திரியில் உலர்ந்துவிடும், லேசாக ஏலக்காய் வாசனையும் ஏறும். பத்தாயிரம் கொடுத்துப் படுக்கிறவனுக்கு அந்த வாசனை உன் சுடுதண்ணீர்த் தொட்டியைவிடப் பிடிக்கும். நான் கீழ் நிலத்தைச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். ரோடு பக்கம், கரண்ட் இருக்கிறது, ஏற்கெனவே சமதளம். மேட்டில் தெரிகிற அளவு மலை தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனையிறங்கல் ஏரியின் ஒரு துண்டும், எதிர்ச்சரிவுத் தேயிலையும் தெரியும். மேகம் பார்க்கணும் என்றால் விடிகாலை ஜீப்பில் அனுப்பு. ஸ்டாண்டு வண்டியில்தான் அனுப்பணும், வெளியூர் வண்டி வைத்தால் நான் அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது.

தொட்டிக்குத் தண்ணி எங்கிருந்து? மார்ச்சில் ஊற்று நூலாக இறங்கும், கீழே லயத்தில் குடிக்கிறதும் அதே தண்ணிதான். தொட்டி வேண்டாம். செப்டிக் டேங்க் ஊற்றுக்குப் பக்கம் வரவே கூடாது.

கடன் கணக்கு. '2030-ல் குறிஞ்சி பூக்கும், அப்போது கூட்டம் வரும்' என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். 2030 என்பது இரவிகுளம் பக்கத்துக் கணக்கு, அங்கே போன தடவை பூத்தது 2018-ல். அந்த வருஷமும் எல்லோரும் ரூமுக்கு வெள்ளையடித்துக் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் வெள்ளத்தில் ரோடு போனது, கூட்டமும் போனது. நம்ம பக்கம் சாந்தன்பாறை கள்ளிப்பாறையில் பூத்தது 2022-ல். பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி இங்கே அடுத்தது 2034. ஒரே செடிதான், மலைக்கு மலை வருஷம் வேறு. கள்ளிப்பாறையில் வந்த கூட்டம் பூவை மிதித்து, பிடுங்கி, பாட்டிலை வீசிவிட்டுப் போனதையும் பார்த்தோம். பூவை நம்பிக் கடன் வாங்காதே. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நாலு மாசம், கூட ஏப்ரல் மே லீவு, அதில் வருகிறதை வைத்துத் தவணை கட்ட முடியுமா என்று பார். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கூடாரத்தைப் பிரித்து ஸ்டோரில் அடுக்கிவிடு, அந்த மூன்று மாசம் வருமானம் சைபர் என்றே எழுது. அப்படி எழுதியும் கணக்கு நின்றால் தைரியமாக இறங்கு.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. 'கூடாரம்தானே, கட்டடம் இல்லையே' என்று ஏஜென்ட் சொல்வான். மரத்தளமும் கக்கூஸும் செப்டிக் டேங்கும் சேர்ந்தால் அதிகாரி கண்ணுக்கு அது கட்டடம்தான். மூணாறு சுற்றுவட்டத்தில் வருவாய்த்துறையின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) இல்லாமல் எத்தனை பேர் பாதியில் நிற்கிறார்கள் என்று உனக்கே தெரியும். நம்ம பட்டயம், நிலத்துக்கு அரசு கொடுத்த பட்டா, எந்தத் தேவைக்குக் கொடுத்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பெட்டியில் இருக்கிறது, நகல் எடுத்து அனுப்புகிறேன், வக்கீலிடம் காட்டு. அதற்கு முன் ஒரு ஆணிகூட வாங்காதே.

சாப்பாட்டை உங்கம்மாவும் சித்தியும் பார்த்துக்கொள்கிறார்களாம், இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. பார்பிக்யூ எல்லாம் வராது. வட்டவடைப் பூண்டு தட்டிப் போட்ட ரசம், மறையூர் வெல்லத்தில் பாயசம், கொழுக்குமலைத் தூள் டீ. சித்தி சம்பளம் கேட்கிறாள். கொடுக்கணும், சொந்தம் என்று சும்மா வேலை வாங்காதே.

ஐப்பசி மழை, அந்தத் துலாமழை விட்டதும் ரெண்டு பேரும் வாருங்கள். மாப்பிள்ளைக்கு நிலத்தை நடந்து காட்டுகிறேன். மழைக்குப் பின் வந்தால்தான் எந்தெந்த இடத்தில் தண்ணி கசிகிறது என்று காலுக்குத் தெரியும். நல்ல ரப்பர் ஷூ எடுத்துவரச் சொல், அட்டை இன்னும் இருக்கும். அம்மாவுக்கு அந்த மூட்டுவலித் தைலம் ரெண்டு பாட்டில்.

டோம் கம்பெனிக்கு அட்வான்ஸ் ஏதும் கொடுத்துவிட்டாயா? அதை மட்டும் இன்று ராத்திரியே போனில் சொல்.

அன்புடன்,
அப்பா