கேமரா வாங்கும் முன் குழந்தையின் படுக்கையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வளைகாப்புக்குப் போனாலும் சரி, குழந்தை பார்க்கப் போனாலும் சரி, இப்போதெல்லாம் என்னிடம் முதலில் கேட்பது, “எந்த பேபி மானிட்டர் நல்லது சிஸ்டர்?” என்றுதான். தூங்கும் குழந்தையை வேறு அறையில் இருந்துகொண்டே போனில் பார்க்க வைக்கும் கேமராவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தாய்ப்பால் போதுமா, தொப்புள்கொடி எப்போது விழும், மஞ்சள் காமாலைக்கு வெயிலில் காட்டலாமா என்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை உங்கள் நாளிதழ் வழியாக ஒரு முறை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நிறைமாதத்தில் ஆரோக்கியமாகப் பிறந்து, தாய் படுக்கும் அறையிலேயே தூங்கும் குழந்தைக்கு வீடியோ மானிட்டர் தேவையில்லை. சில குடும்பங்களுக்கு அது உண்மையிலேயே உதவும். அதைப் பிறகு சொல்கிறேன். என் கவலை, அந்தக் கருவி வந்த வீடுகளில் குழந்தையின் படுக்கையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பதுதான்.

அண்மையில் உறவுக்காரப் பெண் ஒருத்தி, அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த தன் இரண்டு மாதக் குழந்தையை போனில் எனக்குக் காட்டினாள். படம் துல்லியமாக இருந்தது. குழந்தைக்கு இரண்டு பக்கமும் உருளைத் தலையணை. தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகு நிரப்பிய தலையணை தலைக்குக் கீழே. கழுத்துவரை கம்பளிப் போர்வை. முகத்துக்குப் பக்கத்தில், சீராக வந்த பஞ்சு யானை. கேமராவின் வயர் கட்டில் கம்பியைச் சுற்றிக்கொண்டு, குழந்தையின் தலைமாட்டை உரசியபடி பிளக்குக்கு இறங்கியிருந்தது. அவ்வளவையும் பார்த்துக்கொண்டேதான் அவள் நிம்மதியாக இருந்தாள். நான் எழுந்து உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்கும்போதே காரணத்தையும் சொன்னேன்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு முகத்தின் மேல் விழுந்த துணியை விலக்கத் தெரியாது. தலையணையில் மூக்கு புதைந்தால் தலையைத் திருப்பும் வலுவும் பல நேரம் இருக்காது. அதனால்தான் உறுதியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்கிறோம். தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் பக்கத்தில் வேண்டாம் என்கிறோம். அமெரிக்காவில் 1994-இல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். அதன் பிறகு வந்த ஆண்டுகளில், தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் திடீர் மரணங்கள் அங்கே ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதற்குக் கிடைத்த பலன் அது. ஒரு பைசா செலவில்லை.

வயரைப் பற்றி நான் பயமுறுத்துவதாக அந்தப் பெண்ணின் கணவர் நினைத்தார். 2011-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் சுமார் 17 லட்சம் வீடியோ மானிட்டர்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. கட்டிலுக்கு அருகே தொங்கிய வயர் கழுத்தில் சுற்றி இரண்டு குழந்தைகள் இறந்துபோனதுதான் காரணம். கேமராவையும் வயரையும் கட்டிலிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளி வைக்க வேண்டும் என்பது அங்குள்ள நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் கேமரா கட்டில் கம்பியிலேயே பிடித்திருக்கிறது. அங்கே வைத்தால்தான் முகம் தெரிகிறது என்கிறார்கள்.

கேமராவில் என்ன தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். விளக்கை அணைத்ததும் இந்தக் கருவிகள் அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கின்றன; படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். நாங்கள் வார்டில் ஒரு குழந்தையின் அருகே போனதும் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். உதடும் நாக்கும் நீலம் பூத்திருக்கிறதா, மஞ்சள் முகத்தோடு நிற்கிறதா, வயிறு, கால், உள்ளங்கை, உள்ளங்கால் என்று இறங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இது எதுவும் தெரியாது. அடுத்ததாக வயிற்றிலும் உள்ளங்காலிலும் கை வைப்போம். வயிறு கதகதப்பாக இருந்து கால் மட்டும் சில்லென்று இருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது, ஏசியின் குளிரைக் குறைக்க வேண்டும். இரண்டுமே சில்லென்று இருந்தால் உடனே அம்மாவின் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கொசுவலை போடும் நம் வீடுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. வலைக்கு அருகே கேமரா இருந்தால் இரவில் அந்த ஒளி பட்டு வலைதான் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது, குழந்தை மங்கலாகிவிடுகிறது.

தூளியில் போட்டால் கேமராவுக்குச் சேலை மட்டும்தான் தெரியும். தூளியில் வளர்ந்த தலைமுறைகள் நாம். அதைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனாலும் குறைமாதக் குழந்தையையும், சளி பிடித்து மூச்சுத் திணறும் குழந்தையையும் தூளியில் போடாதீர்கள். உடம்பு வளைந்து, தாடை மார்பில் முட்டி, மூச்சு வழி நெருங்கிப்போகும். தூளி காலியாக இருக்கும் நேரத்தில் அவிழ்த்து மேலே கட்டிவிடுங்கள். மூத்த பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடும்போது சேலை கழுத்தை இறுக்கி இறந்த செய்தியை இதே நாளிதழில் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

குழந்தையின் காலில் சாக்ஸ் போல மாட்டி ஆக்ஸிஜன் அளவையும் நாடித்துடிப்பையும் போனில் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், திடீர் மரணத்தைத் தடுக்கும் வழியாக வீட்டு மானிட்டர்களை நம்ப வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குறைந்தது முதல் ஆறு மாதம் பெற்றோர் படுக்கும் அறையிலேயே, தனிப் படுக்கையில் குழந்தையைப் படுக்க வைக்கவும் அது சொல்கிறது. நம் ஊரில் குழந்தை எப்போதும் அம்மா பக்கத்தில்தான். தனி அறையில் தொட்டில் போடும் வழக்கம் உள்ள நாட்டில் பிறந்த கருவி இது. 1932-இல் லிண்ட்பெர்க் என்ற விமானியின் குழந்தையை மாடி அறைத் தொட்டிலிலிருந்து கடத்திப் போனார்கள். அந்தப் பயம் நாடெங்கும் பரவியிருந்த காலத்தில், 1937-இல், ஜெனித் நிறுவனம் ‘ரேடியோ நர்ஸ்’ என்ற பெயரில் குழந்தை அறையின் சத்தத்தைக் கேட்க ஒரு கருவி கொண்டுவந்தது. பாயில் அம்மாவுக்கு ஒரு கை தூரத்தில் தூங்கும் குழந்தைக்கும் அந்தப் பயத்துக்கும் சம்பந்தமில்லை.

பிரசவித்த பெண்ணின் தூக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பச்சிளங்குழந்தையின் தூக்கத்தில் ஏறத்தாழ பாதி, அசைந்துகொண்டே தூங்கும் தூக்கம். முகத்தைச் சுளிக்கும், சிரிக்கும், முனகும், திடீரென்று கைகளை விரிக்கும். ஐந்து பத்து விநாடி மூச்சு விடாமல் இருந்துவிட்டுப் பிறகு வேகவேகமாக விடும். இது இயல்பு. மூச்சு இருபது விநாடிக்கு மேல் நின்றாலோ, நிறம் மாறினாலோ, உடம்பு துவண்டாலோதான் ஆபத்து. அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, 108-ஐ அழைக்க வேண்டும். கேமராவோ ஒவ்வொரு அசைவுக்கும் மணி அடிக்கிறது. தையல் ஆறாத உடம்போடு ஒரு பெண் இரவெல்லாம் போனைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். குழந்தை தூங்கும் நேரத்தில் நீயும் தூங்கு என்று டிஸ்சார்ஜ் அன்று நாங்கள் சொல்லி அனுப்புவது இதனால் வீணாகிறது. பயம் அடங்காமல், குழந்தை தூங்கினாலும் தூக்கமே வராமல் தவிக்கும் பெண்ணுக்குத் தேவை மருத்துவரின் கவனிப்பு. கேமராவை வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் பயம் தீர்ந்தது என்று வீட்டார் இருந்துவிடக் கூடாது.

அடுத்து நான் எழுதப்போவது சில வீடுகளில் கோபத்தை உண்டாக்கும், ஆனாலும் எழுதுகிறேன். குழந்தை இருக்கும் அறைதான் தாய் பால் கொடுக்கும் அறை, உடை மாற்றும் அறை. அந்தக் கேமராவின் செயலி வெளிநாட்டில் இருக்கும் கணவரின் போனில் இருக்கிறது, மாமனார் மாமியார் போனில் இருக்கிறது, சில வீடுகளில் நாத்தனார் போனிலும் இருக்கிறது. “ஏன் இன்னும் தூங்குகிறாய், குழந்தை அழுகிறதே” என்று துபாயிலிருந்து அழைப்பு வருகிறது. என்னிடம் இதைச் சொல்லி அழுத பெண்கள் உண்டு. பேரனைப் பார்க்க ஆசைப்படும் தாத்தா பாட்டிக்கு வீடியோ அழைப்பு இருக்கிறது. அதை அவள் எடுக்கலாம், வைக்கலாம். எப்போதும் விழித்திருக்கும் கேமரா அப்படியல்ல. அவள் சம்மதிக்காமல் அது அந்த அறைக்குள் வரவே கூடாது. ஒரு பெண்ணின் அந்தரங்க உறுப்புகளை அவள் அனுமதியின்றிப் படம் எடுப்பதும் அனுப்புவதும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனை தரக்கூடிய குற்றம். வெளியாரும் இதில் நுழைய முடியும். டிரெண்ட்நெட் என்ற நிறுவனத்தின் கேமராக்களில் இருந்த பாதுகாப்புக் குறையால் சுமார் 700 கேமராக்களின் நேரடிக் காட்சிகள் 2012-இல் இணையத்தில் வெளியாயின. தொட்டிலில் தூங்கும் குழந்தைகளும் அவற்றில் இருந்தார்கள். மறு ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது.

யாருக்கு இந்தக் கருவி உதவும் என்று சொல்வதாக எழுதியிருந்தேன். காது கேளாத பெற்றோருக்கு இது பெரிய துணை. குழந்தை அழுதால் அதிர்ந்தோ விளக்கு எரிந்தோ எழுப்பும் மாதிரியாகப் பார்த்து வாங்க வேண்டும். அவர்களுக்கு அரசே மானியத்தில் கொடுத்தாலும் தகும். மாடியில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுக் கீழே சமைக்கும் பெண், உதவிக்கு ஆளில்லாமல் இரட்டைக் குழந்தைகளை வளர்ப்பவர், அடிக்கடி வலிப்பு வரும் குழந்தையின் பெற்றோர் ஆகியோருக்கும் பயன்படும். இவர்களிலும் பலருக்குச் சத்தம் மட்டும் கேட்கும் சாதாரணக் கருவியே போதும். விலையும் குறைவு, இணையமும் வேண்டாம். நடமாடத் தொடங்கிய குழந்தைக்கு அதுவும் அவ்வளவாக உதவாது. வாளியில் தலைகுப்புற விழுவதற்கு ஒரு குழந்தைக்கு நிமிடங்கள் தேவையில்லை.

பேறுகால விடுப்பு முடிந்ததும் குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு, அலுவலகத்தில் உட்கார்ந்து போனில் பார்த்துத் தவிக்கும் தாய்மார்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு வழி இல்லாமல்தான் செய்கிறார்கள். ஆனால் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்று 2017-இலிருந்தே சட்டம் சொல்கிறது. தங்கள் அலுவலகத்தில் அந்த வசதி எங்கே என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? உங்கள் செய்தியாளர்கள் சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் இதை விசாரித்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரசவ வார்டுகளுக்கும் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் அன்று தாயிடம் மட்டும் சொல்லாமல், தொட்டில் கட்டப்போகும் பாட்டியையும், கட்டில் வாங்கப்போகும் தகப்பனையும் உட்கார வைத்து, ஒரு பொம்மையைக் கொண்டாவது படுக்க வைக்கும் முறையைச் செய்து காட்டுங்கள்.

ஏற்கெனவே கேமரா வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கட்டிலிலிருந்து கழற்றிச் சுவரில் மாட்டுங்கள். வயரைப் பட்டி வைத்துச் சுவரோடு அடியுங்கள். பெட்டியில் வந்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். செயலிக்கு அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். பால் கொடுக்கும் இடம் படத்தில் வராதபடி திருப்பி வையுங்கள், கேமராவை அணைத்து வைக்கும் பொறுப்பைத் தாயிடம் விடுங்கள். குழந்தை புரளவும் பிடித்து எழுந்து நிற்கவும் தொடங்கியதும் கை எட்டும் தூரத்தை மறுபடி அளந்து, வயரை இன்னும் மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தென்னூர், திருச்சி.