காருக்குப் பொருந்தாத பின்பக்க ஸ்பிரிங் அனுப்பியமை தொடர்பான புகார்

யாழ்ப்பாணம்.

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

எனது 1971ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் காருக்கெனத் தங்கள் நிறுவனத்திடம் வாங்கிய பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்) சோடி அந்த வண்டிக்கு உரியதல்ல. உற்பத்தி ஆண்டையும் குரோம் பம்பர் வண்டி என்பதையும் நான் எழுத்திலேயே தந்திருந்தும், வந்த பெட்டியில் "1962–1980, எல்லா எம்.ஜி.பி.க்கும்" என்று ஒட்டியிருந்தது.

அது தவறு. 1974இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காக றப்பர் பம்பர் பூட்டியபோது இவ்வண்டியின் உயரம் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூட்டப்பட்டது. அதற்கேற்ற பின் ஸ்பிரிங்குகள் கூடிய வளைவுடையவை. கழற்றியதையும் புதியதையும் கராச்சின் சீமெந்துத் தரையில் அருகருகே கிடத்தி, ஸ்பிரிங்கின் இரு நுனிகளிலும் உள்ள வளையங்களான கண்களுக்கு இடையே நூல் பிடித்துப் பார்த்தபோதே மெக்கானிக் தலையை ஆட்டினார். பழையது ஓரளவு தளர்ந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பூட்டியபின் சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரையான உயரம் 45 மில்லிமீற்றர் கூடியதற்குத் தளர்வு மட்டும் காரணமாகாது.

உயரம் வெறும் தோற்றப் பிரச்சினையன்று. இந்தக் காரின் பின்னச்சை இடம்பெயராமல் பிடித்திருப்பவை இந்த இரண்டு ஸ்பிரிங்குகளே. வளைவு கூடிய ஸ்பிரிங், திருப்பத்தில் பாரம் ஏறும்போது நிமிர்ந்து நீள்கிறது. முன்கண் அசையாதபடியால் வெளிப்பக்கச் சில்லு பின்னோக்கி நகர்ந்து, அச்சே சற்றுத் திரும்பி, வண்டியின் பின்பகுதியை வெளியே இழுக்கிறது. நீர்வேலியில் ஒரு சாதாரண வளைவில், அதுவும் மெதுவாகச் சென்றபோதே, இதை உணர்ந்தேன். வல்லை வெளியின் பக்கக் காற்றில் வண்டியை நேராகப் பிடிக்கவே கை வலித்தது. அன்று மனைவியும் உடனிருந்தார். அதன்பின் காரை வெளியே எடுக்கவில்லை.

காரை இப்படி நிறுத்துவதற்கு முன், தொலைபேசியில் தங்கள் ஊழியர், "ஓட ஓடப் படிந்துவிடும்" என்றார். ஒரு மாதமும் 600 கிலோமீற்றரும் கடந்தபின் மூன்று மில்லிமீற்றரே இறங்கியிருந்தது.

ஆகவே, குரோம் பம்பர் ரோட்ஸ்டருக்கு உரிய சோடியை 14 நாட்களுக்குள் அனுப்பி, இருவழி அனுப்புக்கூலியையும் இரண்டாம் முறை பூட்டும் கூலியையும் ஏற்குமாறு கோருகிறேன். தவறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். அந்த ஒட்டுச்சீட்டையும் உடனே மாற்றுங்கள். அதை நம்பி வாங்கும் இன்னொருவர் இதே ஸ்பிரிங்குடன் மழை நாளில் வளைவொன்றில் திரும்பக்கூடும்.

பற்றுச்சீட்டின் பிரதியும் அளவெடுத்த படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்