படிக்காத சிலைடுக்கு என்ன கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மலேரியா கட்டுரையில், தொலைதூரப் பகுதிகளிலும் மைக்ராஸ்கோப் சோதனைதான் மலிவு, ஒரு சொட்டு ரத்தத்தில் மலேரியா இருந்தால் கோடு காட்டும் விரைவுப் பரிசோதனை அட்டைகளுக்குப் பணம் கொடுப்பது வீண் செலவு என்று ஒரு வரி இருந்தது. 29 ஆண்டுகள் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, இப்போது ஓய்வுபெற்றிருக்கும் லேப் டெக்னீஷியன் நான். என் தொழிலைத் தூக்கிப் பேசும் வரிதான் அது. இருந்தும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கட்டுரையோடு வந்த அட்டவணையில் கண்ணாடி, சாயம், ஊசி, டெக்னீஷியனின் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, ஒரு நாளில் பார்க்கும் சிலைடுகளால், அதாவது ரத்தம் பூசிய கண்ணாடித் துண்டுகளின் எண்ணிக்கையால், வகுத்திருக்கிறார்கள். காலை முதல் மாலை வரை நோயாளிகள் வரிசையில் நிற்கும் பெரிய மருத்துவமனைக்கு அந்தக் கணக்கு சரி. நாளைக்கு நாலு பேர் மட்டும் காய்ச்சலோடு வரும் இடத்தில் அதே மைக்ராஸ்கோப்பையும் அதே சம்பளத்தையும் நாலால்தான் வகுக்க வேண்டும். அட்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை. எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை அட்டை; மற்றவை காலாவதியாகும் வரை பெட்டியில் இருக்கும்.

அப்புறம், நாலு பேருக்காக யாரும் லேப் வைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சிலைடைத்தான் லேபுக்கு அனுப்புவார்கள். நான் வேலை பார்த்த இடத்துக்கு ஏழெட்டு நிலையங்களிலிருந்து வரும். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, காகிதத்தில் சுற்றி நூல் கட்டி வைத்திருப்பார்கள். யாராவது எங்கள் பக்கம் வரும்போது கட்டும் வந்து சேரும். மழைக்காலத்தில் பிரித்தால் பூஞ்சை. சிலவற்றில் தடித்த பூச்சு, அதாவது ரத்தத்தைத் தடிப்பாகப் பூசிய பகுதி, இருந்த இடத்தை எறும்போ கரப்பானோ தின்று வெறும் கண்ணாடிதான் மிஞ்சியிருக்கும்.

அப்படி வந்த ஒரு கட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தையின் சிலைடு இருந்தது. ரத்தம் எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. எண்ணெய் லென்ஸை இறக்கிய முதல் இடத்திலேயே, உயிரைப் பறிக்கும் வகை மலேரியா ஒட்டுண்ணியான ஃபால்சிபாரத்தின் வளையங்கள், எண்ணி மாளாத அளவுக்கு. பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டு உடனே ஆள் அனுப்பினேன். போனவர் மறுநாள் வந்து, "குழந்தை போன வாரமே போயிடுச்சுங்க" என்றார். உங்கள் அட்டவணையில் அதுவும் ஒரு மலிவான சிலைடுதான்.

அட்டை இருந்திருந்தால் ரத்தம் எடுத்த அதே திண்ணையில் ஒரு சொட்டு விட்டு, கரைசலை ஊற்றி, 15 அல்லது 20 நிமிடத்தில் கோட்டைப் பார்த்திருப்பார்கள். மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். மாத்திரை அதே பணியாளரின் பையிலேயே இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தடித்த பூச்சில் ஒட்டுண்ணி இல்லை என்று எழுத வேண்டுமானால் குறைந்தது 100 புலங்களை, அதாவது லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டங்களை, பார்க்க வேண்டும். சிலைடுக்கு ஆறு நிமிடம் என்று வைத்தாலும் 100 சிலைடுக்குப் பத்து மணி நேரம். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், நாளைக்கு 100 சிலைடு முடிக்க மாட்டீர்களா என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார். அந்த ஆண்டு மைக்ராஸ்கோப் பல்ப் போய் மாற்று பல்ப் வர நாலு மாதம் ஆனது. ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாயம் கலக்க, அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் தாங்கல் கரைசல் இல்லாமல் கிடைத்த தண்ணீரைப் பயன்படுத்திய நாட்களும் உண்டு. அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு 7.2-ல் இல்லாவிட்டால் ஒட்டுண்ணியின் சிவப்புப் புள்ளி சரியாகத் தெரியாது. இந்த நாட்களையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்த்தார்கள்?

முடிவு வரும் வரை சும்மா இருக்க முடியாது என்று காய்ச்சல் என்றாலே எல்லாருக்கும் மலேரியா மாத்திரை கொடுத்தோம். அதில் எத்தனை பேருக்கு நிமோனியாவோ டைபாய்டோ இருந்ததோ! 2010-ல்தான் உலக சுகாதார நிறுவனம், எந்த வயதினராக இருந்தாலும் சோதித்த பிறகே மருந்து கொடுங்கள் என்று சொன்னது. மைக்ராஸ்கோப் எட்டாத இடங்களில் அதை நிறைவேற்ற அட்டையைத் தவிர வேறு வழி எது?

அட்டையின் குறைகள் எனக்குத் தெரியும். ஒட்டுண்ணி செத்த பிறகும், அட்டை கண்டுபிடிக்கும் அதன் ஹெச்ஆர்பி2 புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கி, குணமானவருக்கும் கோடு காட்டும். ஒட்டுண்ணி எத்தனை என்று எண்ணிச் சொல்லாது. அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத ஃபால்சிபாரம் பெருவில் இருப்பதாக 2010-ல் ஆய்வு வெளிவந்தது. அப்புறம் ஆப்பிரிக்காவில் எரித்ரியாவிலும் தென்பட்டது. உங்கள் கட்டுரையாளர் எரித்ரியாவைக் காட்டி அட்டை தோற்றது என்கிறார். அங்கே அட்டையை விட்டுவிடவில்லை, ஐயா. வேறு புரதத்தைக் காட்டும் அட்டைக்கு மாறினார்கள். அட்டையில் இல்லை என்று வந்தவர்களின் சிலைடில் ஒட்டுண்ணி தெரிந்ததால்தான் சந்தேகமே எழுந்தது. அதனால் மைக்ராஸ்கோப்பை மூட்டை கட்டச் சொல்லவில்லை. அதை நோயாளிகள் நிறைய வரும் இடத்தில், நல்ல சாயத்தோடும் போதிய ஆட்களோடும் வையுங்கள் என்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் அந்த அட்டவணையில் இரண்டு பத்திகள் சேர்த்து வெளியிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சிலைடு என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள், ரத்தம் எடுத்ததிலிருந்து முடிவு நோயாளியிடம் போய்ச் சேர எத்தனை நாள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்