ஆண்டறிக்கை 2024–25: கெடு இரவும் அதற்கு முந்தைய ஆறு வாரங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த ஆட்டக்காரர்களே, உறுப்பினர்களே, மைதானத்திலிருந்து புழுதியோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை கூட்டம், எவ்வளவு வரவு, எத்தனை கோப்பை என்று வாசித்துவிட்டு உட்காருவது நம் வழக்கம். அதை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு ஒன்பது முறை கூடியது. இரண்டு முறை கோரம் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தது. மாவட்டக் கால்பந்து லீக்கில் நான்காம் இடம். ஆம்பூரில் அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் போட்டியில் அரையிறுதி வரை போய் பெனால்டியில் தோற்றோம். பிரியாணி சாப்பிட்டுத் திரும்பினோம். அந்தப் பிரியாணி இந்த அறிக்கையில் இன்னொரு முறை வரும். கத்திரி வெயிலில் பயிற்சியைக் காலை 5.30 மணிக்கு மாற்றினோம். கோட்டை அகழிக்குள் போன பந்துகள் ஏழு, திரும்பியவை நான்கு. பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் அணி தொடங்கியிருக்கிறோம். பதினோரு பேர் சேர இன்னும் இருவர் வேண்டும். உங்கள் வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தால் அனுப்புங்கள்.

நாற்பது ஆண்டுகளாக நமக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்த பெரியவர் கார்த்திகை மழையில் காலமானார். டேப் பிடிக்காமல், நடையாலேயே பெனால்டிப் பெட்டியை அளந்தவர். ஒருமுறை சந்தேகப்பட்டு நான் அளந்து பார்த்தேன். நாலு விரற்கடைதான் வித்தியாசம். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. கோடு இப்போது கோணலாகத்தான் இருக்கிறது.

இனி, வழக்கமாக இருபது பேர் வரும் பொதுக்குழுவுக்கு இன்று நாற்காலி போதாமல் போன காரணத்துக்கு வருகிறேன்.

நம் இடது விங் ஆட்டக்காரரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஓராண்டாக அந்தப் பெயர் பல வாய்களில் அரைபட்டுவிட்டது. தம்பி என்றே குறிப்பிடுகிறேன். ராணிப்பேட்டையில் வீடு. தாயார் பீடி சுற்றுகிறார். தம்பி ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் பாலாற்றுப் பாலம் தாண்டி, ஆற்காடு வழியாக பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வருவான். பன்னிரண்டு வயதில் வந்தவனுக்கு இப்போது பத்தொன்பது.

சென்ற ஆடி மாதம், சென்னை லீக்கில் ஆடும் ஒரு கழகம் அவனைக் கேட்டது. தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கைச்செலவுக்கு மாதம் ஒரு தொகை. நம் மைதானத்திலிருந்து அப்படி ஓர் அழைப்பு யாருக்கும் வந்து நெடுநாள் ஆகிறது. பதிவுக் கெடு முடிய அப்போது ஆறு வாரம் இருந்தது. சம்மதம் தர வேண்டியது நாம். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் இணையப் பதிவில் நம் கழகத்தின் கணக்கைத் திறந்து, 'விடுவிக்கிறோம்' என்று ஒப்புக்கொண்டால் நம் வேலை முடிந்தது. என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பிய காலத்தைவிட எளிது.

அந்த ஆறு வாரத்தில் நாம் செய்ததைக் கூட்டக் குறிப்பேட்டைப் பார்த்தே வாசிக்கிறேன், நினைவிலிருந்து சொன்னால் சண்டை வரும்.

முதல் கூட்டம்: தலைவர் வெளியூர், ஒத்திவைப்பு.

இரண்டாம் கூட்டம் முழுவதும் மாவட்டத்தைப் பற்றியே போயிற்று. வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்ததையும், 2019இல் வேலூர் மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆனதையும் நம் மூத்த உறுப்பினர்கள் இன்னும் முழு மனதாக ஏற்கவில்லை. தம்பியின் ஆதாரில் வேலூர் மாவட்டம், குடும்ப அட்டையில் ராணிப்பேட்டை மாவட்டம். அவன் யார் பிள்ளை என்று இரண்டு மணி நேரம் பேசினோம். அவன் நம் கழகத்தில் பதிவானவன், அது ஒன்றுதான் கேள்வி என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் கூட்டத்தில் பணம் வந்தது. "ஏழு வருடம் வளர்த்திருக்கிறோம், சும்மா அனுப்புவதா?" என்று ஒருவர் கேட்டார். உடனே ஒரு பட்டியல் தயாரானது. ஷூ மூன்று ஜோடி, பஸ் கட்டணம், அவித்த முட்டை, கொண்டைக்கடலை, கணுக்கால் பிசகியபோது கட்டுப்போட்ட செலவு. ஆம்பூர் பிரியாணியையும் ஒருவர் சேர்க்கச் சொன்னார். அரையிறுதியில் நம் ஒரே கோலை அடித்தவன் தம்பி. அன்று அவன் சாப்பிட்ட அரை பிளேட்டுக்கு நாம் கணக்கெழுதினோம். மொத்தம் 25,000 ரூபாய் என்று முடித்து, அந்தத் தொகையைச் சென்னைக் கழகத்திடம் கேட்பதென்று தீர்மானித்தோம்.

பிறகுதான் நான் விதியைப் படித்தேன். பயிற்சி இழப்பீடு என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகளில் ஒன்று இருக்கிறது, உண்மை. 12 வயதிலிருந்து 21 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம் அது. ஆனால் ஆட்டக்காரர் தொழில்முறை வீரராகப் பதிவாகும்போதுதான் அந்தப் பேச்சே எழும். நம் தம்பி அமெச்சூராக, அதாவது தொழில்முறை அல்லாதவனாக, இருந்து அமெச்சூராகவே போகிறவன். நாம் கேட்டதற்கு விதியில் இடமில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததில் பத்து நாள் போயிற்று. நான்காம் கூட்டத்துக்குக் கோரம் சேரவில்லை.

கெடு நாள் மாலை, பணம் வேண்டாம், ஒரு செட் ஜெர்சியும் நான்கு பந்துகளும் போதும் என்று சமாதானம் ஆனபோது மணி எட்டு. அதற்கு முன்பே நாம் வழியனுப்பு விழா நடத்தி முடித்திருந்தோம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பொன்னாடை, குரூப் போட்டோ, பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ். கையெழுத்தைத் தவிர எல்லாம் தயார். தம்பி அன்று காலையே காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை போய்விட்டான். ஷூ கம்பெனி வேலையை முந்தைய வாரமே விட்டிருந்தான்.

நான் சத்துவாச்சாரியில் மகள் வீட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். கழகத்தின் கணக்குக்குக் கடவுச்சொல் முன்னாள் செயலாளர் வைத்தது. என்னிடம் இருந்த சீட்டில் எழுதியிருந்தது பொருந்தவில்லை. மாற்றலாம் என்றால், மாற்றுவதற்கான இணைப்பு அவருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது. அவர் அன்று குடும்பத்தோடு திருமலையில் தரிசன வரிசையில். செல்போனைக் கவுன்ட்டரில் ஒப்படைத்துவிட்டுத்தான் வரிசைக்குள் போக முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பது முறைக்கு மேல் அழைத்தேன். தரிசனம் முடிந்து அவர் போனைத் திரும்ப வாங்கி என்னை அழைத்தபோது 12.20. நள்ளிரவோடு கெடு முடிந்திருந்தது. அவர்மேல் ஒரு குறையும் இல்லை. பொறுப்பை ஒப்படைத்து ஒன்றரை ஆண்டு ஆனவர் அவர். வாங்கிக்கொண்ட நான் ஒரு நாளாவது அந்தக் கணக்கைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

நான் அஞ்சல் துறையில் 34 ஆண்டு இருந்தவன். மாலைப் பை கட்டி அரக்கு வைத்த பிறகு ஓடி வருகிறவரிடம் "நாளைக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் இது. ரயில் தபாலில் அந்தக் காலத்தில் லேட் ஃபீ ஒட்டிக் கொடுத்தால் வண்டி கிளம்பும் வரை கடிதம் வாங்கிக்கொள்வார்கள். கணினிக்கு லேட் ஃபீ கிடையாது.

மறுநாள் நம் இளைஞர்கள் எனக்கு ஆறுதலாக வெளிநாட்டுச் செய்திகளை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். போர்ச்சுகல் வீரர் ஆட்ரியன் சில்வா, 2017 ஆகஸ்ட் 31 அன்று ஸ்போர்ட்டிங் லிஸ்பனிலிருந்து லெஸ்டர் சிட்டிக்கு மாறியபோது ஆவணம் 14 வினாடி பிந்தியது, ஃபிஃபா ஏற்கவில்லை. பல மில்லியன் பவுண்டு விலை பேசி வாங்கப்பட்டவர் 2018 ஜனவரி வரை ஆட முடியாமல் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருந்தார். பிறகு லெஸ்டரில் அவர் போட்ட ஜெர்சியின் எண்ணும் 14. நைஜீரிய வீரர் பீட்டர் ஒடெம்விங்கி 2013 ஜனவரி 31 அன்று, கழகங்கள் பேசி முடிக்கும் முன்பே தானாகக் காரை ஓட்டிக்கொண்டு லண்டனில் க்யூ.பி.ஆர். கழகத்தின் மைதானத்துக்குப் போய்விட்டார், உள்ளே விடவில்லை. உலகமே அவரைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் தம்பியும் அன்று இரவு சென்னைக் கழகத்தின் அலுவலக வாசலில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாம் போகச் சொல்லிப் போனவன் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

தலைவர் அவர்கள் சொன்ன உதாரணம் பெரியது. 2015 ஆகஸ்ட் 31 அன்று மான்செஸ்டர் யுனைடெட் கோல் கீப்பர் டேவிட் டி ஹேயா ரியல் மாட்ரிட்டுக்குப் போவதாகவும், மாட்ரிட்டிலிருந்து கெய்லர் நாவாஸ் மான்செஸ்டருக்கு வருவதாகவும் பேச்சு. ஆவணம் நள்ளிரவுக் கெடுவைத் தாண்டிவிட்டது. இரண்டு கழகங்களும் ஆளுக்கொரு நீண்ட அறிக்கை விட்டு எதிராளியைக் குற்றம் சொன்னன. டி ஹேயா அதே செப்டம்பரில் யுனைடெட்டுடனேயே புது ஒப்பந்தம் போட்டு, 2023 வரை அங்கேயே இருந்தார். வெளியே போக வேண்டிய நாவாஸ், 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று முறை மாட்ரிட்டோடு சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். "பார்த்தீர்களா, எல்லாம் நன்மைக்கே" என்றார் தலைவர். தலைவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கெடு தவறிய மறுநாள் நாவாஸுக்கு மாட்ரிட்டில் சம்பளம் நிற்கவில்லை. தம்பிக்கு நின்றது.

அந்த இரண்டு அறிக்கைகளையும் தேடிப் படித்தேன். எத்தனை மணிக்கு யார் எதை அனுப்பினார் என்று நிமிடக் கணக்கு அதில் இருக்கிறது. என்னிடமும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது: 8.00, 9.10, 11.40, 12.20. அதைக் காட்டி நான் தப்பித்துவிடலாம். ஆடி மாதத்துக் குறிப்பேட்டை வாசித்ததற்குக் காரணம் இதுதான். இருபது நிமிடம் பிந்தினோம் என்று ஊரில் பேச்சு. நான் எண்ணிப் பார்த்ததில் ஆறு வாரம் வருகிறது.

பின்விளைவுகளுக்கு வருகிறேன். ஃப்ளெக்ஸை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. "சென்னை செல்லும் சிங்கத்துக்கு வாழ்த்துகள்" என்ற எழுத்துக்குக் கீழே நின்று தம்பி நான்கு நாள் பஸ் ஏறியிருக்கிறான். ஷூ கம்பெனியில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். சென்னைக் கழகம் இரண்டு நாள் வருத்தப்பட்டது. ஜனவரியில் பதிவுக் காலம் மறுபடி திறந்தபோது வேறொரு இடது கால் ஆட்டக்காரர் அவர்களுக்குக் கிடைத்திருந்தார். நம் வாட்ஸ்அப் குழுவிலோ, கழகத்தை உதறிவிட்டுப் போகப் பார்த்தவன் என்று அவனைத் துரோகியாக்கினார்கள். பொன்னாடை போர்த்தியவர்களும் அதில் உண்டு. பெயர்கள் என்னிடம் இருக்கின்றன, வாசிக்கவில்லை.

ஐந்து வாரம் அவன் மைதானத்துக்கு வரவில்லை. தாயார்தான் என் வீட்டுக்கு வந்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்து, பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, என் பையன் ஏதாவது தப்பு பண்ணிட்டானா?" தயாராக வைத்திருந்த எந்தப் பதிலும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

ஐப்பசியில் அவன் திரும்பி வந்து ஆடிய முதல் லீக் ஆட்டத்தில், பந்து அவன் காலுக்குப் போகும்போதெல்லாம் கூச்சல் எழுந்தது. குடியாத்தத்திலிருந்து வந்த எதிரணி ஆதரவாளர்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் சும்மா இருந்தார்கள். கூச்சல் நம் பக்கத்திலிருந்து வந்தது. இடைவேளையில் அவன் என்னிடம் வந்து, தன்னை மாற்றிவிட வேண்டாம், ஆட்டம் முடியும் வரை ஆடுகிறேன் என்றான். ஆடினான். கோல் எதுவும் அடிக்கவில்லை. இட்டுக்கட்ட நான் விரும்பவில்லை. நாம் 0–1 என்று தோற்றோம்.

என் ராஜினாமாக் கடிதத்தைத் தலைவர் இரண்டு முறை திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் முறை கொடுக்க எனக்கே கூச்சமாகிவிட்டது. இந்தப் பொதுக்குழு விரும்பினால் ஏற்கலாம். கடிதம் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

நிர்வாகக் குழு முடிவு செய்தவை: வெளிக் கழகத்திலிருந்து கோரிக்கை வந்தால் மூன்று நாளுக்குள் பதில். அமெச்சூர் ஆட்டக்காரரை அனுப்பப் பணம் கேட்பதில்லை. கழகத்துக்குச் சொந்த மின்னஞ்சல். கடவுச்சொல் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரிடமும். தம்பிக்கு வேலை தேடும் பொறுப்பைப் பொருளாளர் எடுத்துக்கொண்டு, வாலாஜாவில் ஒரு கடையில் சேர்த்துவிட்டார். சம்பளம் பழையதைவிடக் குறைவு. ஞாயிறு காலைகளில் பெண் பிள்ளைகள் அணிக்குத் தம்பிதான் பயிற்சி தருகிறான். இடது காலால் உதைக்கும் பிள்ளைகள் அந்த அணியில் திடீரென்று அதிகமாகிவிட்டார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வர வேண்டிய இனத்தில் எழுதியிருந்த 25,000 ரூபாயை அடித்துவிட்டோம். அந்தப் பணத்தை நம்பி முன்கூட்டியே வாங்கிய கோல் வலைகளுக்குக் கடைக்காரருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

சென்ற வாரம் சென்னையிலிருந்து வேறொரு கழகம் தம்பியைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறது. நம் சம்மதம் அன்று மாலையே போய்விட்டது. நகல் மேசையில் இருக்கிறது, பார்க்கலாம். இந்த முறை ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்க வேண்டுகிறேன்.

செயலாளர்
வேலூர்