பிரசவமான மூன்று நாள்களுக்குள் செவிலியர் வீட்டுக்கு வர ஏற்பாடு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்: மூன்று மாதக் குழந்தையின் தாய்

பெறுநர்: இயக்குநர் அவர்கள், தாய் சேய் நலப் பிரிவு, சுகாதாரத் துறை

பொருள்: பிரசவத்துக்குப் பிந்தைய செவிலியர் வருகையின் நாளும் நேரமும் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிரசவமான இரண்டாம் நாள் வீடு திரும்பினேன். மறுநாள் இரவு முழுவதும் குழந்தை வீறிட்டு அழுதது. எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. பால் போதவில்லை என்று நானே முடிவுகட்டி, பால்மாவு வாங்கிவரக் கணவரை அனுப்ப இருந்த வேளையில்தான் செவிலியர் வந்தார்.

குழந்தையின் துணிகளைக் களைந்து தராசில் வைத்தார். பிறந்தபோது இருந்த எடையில் 8 சதவீதம் குறைந்திருந்தது. பதறிப்போனேன். முதல் சில நாள்களில் எடை சற்றுக் குறைவது இயல்புதான், ஆனால் இதற்கு மேல் குறைய விடக்கூடாது என்றார். என் முதுகுக்குத் தலையணை கொடுத்து, குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி அணைத்துப் பிடிக்கச் சொன்னார். சற்று நேரத்தில் குழந்தை விழுங்கும் சத்தம் கேட்டது. மருத்துவமனையில் தந்த துண்டறிக்கையிலும் இந்தப் படம் இருந்தது. படத்தைப் பார்த்து எனக்குக் கைவரவில்லை.

பிறகு என் இரத்த அழுத்தத்தையும் பார்த்தார். பிரசவத்துக்குப் பிறகும் அது ஏறக்கூடும், கடும் தலைவலியோ கண் மங்கலோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று என் கணவரிடமும் சொல்லிவைத்தார். அதுவரை எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்தார்கள். என்னைப் பார்த்தவர் அவர்தான்.

என் தோழியின் வீட்டுக்குச் செவிலியர் வந்தது பன்னிரண்டாம் நாள். அதற்குள் அவள் தாய்ப்பாலை நிறுத்திவிட்டிருந்தாள். வந்தவரும் பதிவேட்டை நிரப்பிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. அவர்மீது குறை சொல்ல மாட்டேன். ஒருவர் தலையில் அத்தனை வீடுகளைச் சுமத்தினால் யாரால்தான் உட்கார்ந்து பேச முடியும்?

முதல் 24 மணி நேரக் கவனிப்புக்குப் பின்னும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை, 7 முதல் 14 நாள்களுக்குள் ஒருமுறை, ஆறாவது வாரத்தில் ஒருமுறை தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்திருக்கிறது. பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலை கூடுவதும், தாய்க்குப் பால் கட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அந்த முதல் சில நாள்களில்தான். ஆகவே முதல் வருகை எக்காரணம் கொண்டும் 72 மணி நேரத்தைத் தாண்டாதபடி ஆணையிட வேண்டுகிறேன். ஒரு முழுப் பாலூட்டலை உடனிருந்து பார்க்கும் அளவுக்காவது செவிலியருக்கு நேரம் வேண்டும். அதற்கேற்ப அவருடைய வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, பணியிடங்களைக் கூட்ட வேண்டும்.

கூடுமானவரை ஒரே செவிலியர் தொடர்ந்து வரட்டும். ஆறாவது வாரம் அதே செவிலியர் என்னைத் தனியே உட்காரவைத்து, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ வினாத்தாளின் 10 கேள்விகளைக் கேட்டார். மூன்றாவது கேள்வியிலேயே அழுதுவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் கேட்டிருந்தால் 'நன்றாக இருக்கிறேன்' என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் அன்றே மருத்துவரிடம் நேரம் வாங்கித் தந்தார். இப்போது சிகிச்சையில் இருக்கிறேன், உறங்க முடிகிறது.

தாங்கள் விரும்பினால் நேரில் வந்து விவரம் சொல்லவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்