பாகாயத்திலிருந்து அம்மா

அன்புள்ள பாலாஜிக்கு,

அம்மா எழுதுவது. போனிலேயே பேசலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று கேட்க வாயெடுத்தால் நீ "சாப்டியாம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய், அதோடு எனக்குக் கேட்க வந்தது போய்விடுகிறது. அதனால் அக்கா மகளின் நோட்டிலிருந்து நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். நைனாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. குடியாத்தம் பெரியம்மா வீட்டு விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், புதிதாக எழுத ஒன்றுமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

சிலிண்டர் கொண்டு வருகிறவர் கேட்கும் ஓடிபி இன்னும் உன் போனுக்குத்தான் வருகிறது. முன்பெல்லாம் ஷிப்டுக்குள் போனை விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துவிட்டுப் போவாய். அந்த ஆள் வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். இப்போது பகல் பதினோரு மணிக்குக் கேட்டாலும் உடனே அனுப்பிவிடுகிறாய். வசதியாகத்தான் இருக்கிறது. "தம்பிக்கு லீவா?" என்றார். ஆமாம் என்றேன்.

உன் ஸ்டேட்டஸ் எல்லாம் பார்க்கிறேன். கோட்டு போட்ட ஒருவர் தினமும் வருகிறார். மைண்ட்செட்டை மாற்று, வாழ்க்கை மாறும் என்கிறார். பெரிதாக நினை, பெரிய ஆளாவாய் என்கிறார். நல்ல விஷயம்தான், நான் தப்பு சொல்லவில்லை. ஆனால் போன வாரம் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. தோற்றவன் மனசால் தோற்றவன் என்று இருந்தது. அதை நீ ராத்திரி ரெண்டு மணிக்குப் போட்டிருந்தாய். ரெண்டு மணிக்கு என்னடா முழிப்பு?

கீழ் ரூமில் ஒரு வங்காளிப் பையன் இருக்கிறான், கூட அவன் அம்மா. பெயின்ட் அடிக்கிற வேலை. சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே ஓட்டமில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு மையத்தில் உள்ளேயே தங்கியிருந்துவிட்டு இப்போது நம் வீட்டிலிருந்து போய் வருகிறான். சக்கர நாற்காலி ஏற நைனா வாசற்படியை உடைத்துச் சரிவாக சிமென்ட் போட்டிருக்கிறார், நீ வந்தால் பார். முட்டிவலி மனுஷன், ஆள் வைக்கவில்லை, அவரே பூசினார்.

அந்தப் பையனிடம் வழவழப்பான ஒரு மரப்பலகை இருக்கிறது. ஒரு முனையைத் தொடைக்கு அடியில் செருகி, மறுமுனையை நாற்காலியில் வைத்து, கையை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வான். முதல் வாரம் அவன் அம்மா பிடித்துக்கொள்ளணும். இப்போது அந்தம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருக்கிறாள், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போனில் அலாரம் வைத்திருக்கிறான். அடித்தால் ரெண்டு கையாலும் நாற்காலியின் பிடியை அழுத்தி உடம்பைத் தூக்கி நிறுத்துவான். உணர்ச்சி இல்லாத இடத்தில் ஒரே அழுத்தமாக உட்கார்ந்தால் புண் வைத்துவிடுமாம், வைத்ததே தெரியாதாம். பேசிக்கொண்டிருப்பான், அலாரம் அடிக்கும், தூக்குவான், விட்ட இடத்திலிருந்து பேசுவான்.

ஒருநாள் இன்ச் டேப் கேட்டு வாங்கி நம் சாப்பாட்டு மேஜையை அளந்தான். என்ன என்று நைனா ஆட்டோ ஓட்டிப் பழகிய இந்தியில் கேட்டார். ஊரில் மாமா செல்போன் கடை வைத்திருக்கிறாராம், கவுன்ட்டரில் உட்கார வைக்கிறேன் என்றிருக்கிறாராம். சக்கர நாற்காலி உள்ளே போக மேஜை எவ்வளவு உயரம் வேண்டும் என்று ஆசாரிக்கு முன்கூட்டியே சொல்லணுமாம். பெரிய குறிக்கோள் என்று அவன் எதையும் சொல்லவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் என்ன செய்யணும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மாமா கவுன்ட்டர் தருகிறேன் என்றிருக்கிறார், அதையும் பார்.

அந்த மையத்தை ஆரம்பித்த மேரி வர்கீஸ் டாக்டரம்மா கதை உனக்கு நைனா சொல்லியிருப்பார், ஆட்டோவில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். 1954-ல் கார் விபத்து. முகத்தில் காயம், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. படித்து முடித்த இளம் டாக்டர். இனி என்ன என்று படுத்திருந்தபோது, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்துகிற ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்று சொன்னவர் பால் பிராண்ட் டாக்டர். அவரும் இங்கேதான் இருந்தார். சக்கர நாற்காலியிலேயே ஆபரேஷன் செய்தார்கள் அந்தம்மா. அப்புறம் அமெரிக்கா போய்ப் படித்துவிட்டு வந்தார்கள். 1966-ல் மையம் வந்தது, 1972-ல் பத்மஸ்ரீ. இதைச் சொல்கிறவர்கள் அந்தம்மாவின் மன உறுதியைத்தான் சொல்வார்கள். உறுதி இருந்தது, யார் இல்லை என்றது? ஆனால் உட்கார்ந்து செய்யலாம் என்று ஒருவர் வந்து சொல்லவும் வேண்டியிருந்தது. தனக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் மறைக்கவில்லை, மறைக்க முடியாது என்று வைத்துக்கொள். அதனால்தான் சொல்ல ஆள் வந்தது.

சி.எம்.சி.யை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மாவும் அப்படித்தான். அக்கா ஸ்கூலில் அவர்கள் வேஷம் போட்டாளே, நீ விசிலடித்து அடி வாங்கினாயே. ஊழியத்துக்கு வரவே மாட்டேன் என்றிருந்த பெண். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள், ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று திரும்பிப் போனார்கள், மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் படிக்கப் போனது. குறிக்கோள் தன் மண்டைக்குள்ளிருந்து வரவில்லை, வாசலில் வந்து நின்றது. படித்து முடித்தும் கையில் காசில்லை. நியூயார்க்கில் ஒரு பாங்க்காரர் செத்துப்போன தன் மனைவி பேரில் 10,000 டாலர் கொடுத்தார், அதில்தான் 1902-ல் இங்கே வேலூரில் நாற்பது கட்டில் ஆஸ்பத்திரி.

உன் கோட்டுக்காரர் இதெல்லாம் சொல்கிறாரா?

சரி, நம் வீட்டுக் கதைக்கு வா. நைனா தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் பக்கம் நின்றவர். பாலாறு கேஸில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது, கழிவுநீரைச் சுத்தம் செய்யாத ஷாப்புகளை இழுத்து மூடினார்கள். ஆற்றுக்கு நல்லதுதான், கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் கிடந்தது. ஆனால் நைனாவுக்கு வேலை போயிற்று. அவர் மனசு சரியில்லாமலா போயிற்று? சித்தூர் மாமா ஆட்டோவை வாடகை இல்லாமல் கொடுத்தார். காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிற நோயாளிகளை ஏற்றி ஏற்றி இந்தி வந்தது, கொஞ்சம் வங்காளியும் வந்தது, அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும் என்பது புரிந்தது, இந்த ரூம்கள் வந்தன. வேலை போன செய்தியை அன்றைக்கு ராத்திரியே, செருப்பைக்கூடக் கழற்றாமல், என்னிடம் சொன்னார். அது எனக்கு இன்றைக்கும் பெருமை.

நீ கெட்டிக்காரன். பத்தாவதில் கணக்கில் எடுத்த மார்க்கை நைனா இன்னும் பர்ஸில் மடித்து வைத்திருக்கிறார். ஆனால் சின்ன வயதிலிருந்தே அழுத்தக்காரன். காய்ச்சல் வந்தால்கூடக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். இப்போது எப்படித் தொட்டுப் பார்ப்பது? நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தூங்கு. அந்தக் கோட்டுக்காரரின் ரெண்டு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டாயா, கட்டவில்லை என்றால் கட்டாதே.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். எல்லா ரூமுக்கும் ஆள் இருக்கிறது, கையில் இருக்கிறது. போன மாதம் மூன்று தவணையாகப் பிரித்து அனுப்பியிருந்தாய். பாங்க் மெசேஜை நைனாவுக்குப் படித்துச் சொன்னது நான்தான், மொத்தமாக வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு வா. பிருந்தாவன் ரயிலில் ஏறினால் சாயங்காலம் காட்பாடி. வேண்டாம் என்றாலும் நைனா ஸ்டேஷனுக்கு வருவார், விட்டுவிடு. முள்ளுக் கத்திரிக்காய் குழம்பு வைக்கிறேன். திரும்புகிற டிக்கெட் இப்பவே போட வேண்டாம், அது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா