குடாநாட்டு வாசகருக்குக் கணக்கு வேண்டாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு வாரமலரின் வாகனப் பக்கத்தில் போர்ஷே 911 டர்போ எஸ், பெராரி எஃப்8 டிரிபியூட்டோ, லம்போகினி ஹுராகான் எவோ, மக்லரன் 720எஸ் ஆகிய நான்கு கார்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. அதன் கடைசிப் பந்தியில் ஒரு வரி: "குடாநாட்டு வாசகர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவையில்லை, படங்களைப் பார்த்து இரசித்தாலே போதும்." அந்த வரி என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏன் ஐயா தேவையில்லை? இங்கே யாழ்ப்பாணத்தில் யாரும் இந்தக் கார்களை வாங்கப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிலவுக்குப் போகிறவர்களுக்காகவா நீங்கள் விண்கலச் செய்தி போடுகிறீர்கள்? விளங்கிக்கொள்ள ஆசைப்படுகிறவனுக்குச் சரியாக எழுதிக் கொடுப்பதுதானே பத்திரிகையின் வேலை.

அந்தக் கணக்காவது சரியாக இருந்ததா? உங்கள் அட்டவணையில், நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்கும் நேரம் போர்ஷேக்கு 2.2 செக்கன், மற்ற மூன்றுக்கும் 2.9 செக்கன். தலைப்பில் "சந்தேகத்துக்கு இடமின்றி போர்ஷேதான்". அந்த 2.2 அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று மணிக்கு 60 மைல் வேகம் வரை அளந்தது. மற்ற மூன்றும் 100 கிலோமீற்றர் வேகம் வரை அந்தந்த நிறுவனங்களே அறிவித்தவை. 60 மைல் என்றால் 96.6 கிலோமீற்றர்தான். போதாததற்கு, அமெரிக்கச் சஞ்சிகைகள் கார் முதல் ஒரு அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரத்தை ஓடவிடும். அந்த ஒரு அடியிலேயே கால் செக்கன் அளவுக்கு மறைந்துவிடும். அந்த 650 குதிரைவலுக் காருக்குப் போர்ஷே நிறுவனம் தன் வாயால் சொன்னது 2.7 செக்கன். அளவுகோல் வேறு வேறாக இருக்கும்போது அவற்றை ஒரே நிரலில் போடக்கூடாது என்பது தாங்கள் அறியாததல்ல.

சரி, 2.7 என்றாலும் போர்ஷே தானே முன்னுக்கு நிற்கிறது என்று கேட்கலாம். 100 வரை நிற்கிறது. அதன் எஞ்சின் பின்சில்லுகளுக்கும் பின்னால் இருக்கிறது, பாரம் அங்கேயே அழுத்துகிறது, நான்கு சில்லும் இழுக்கின்றன. அதனால் வழுக்காமல் பிடித்துக்கொண்டு கிளம்பும். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? 200 கிலோமீற்றரைத் தொட நிறுவனங்கள் சொல்லும் நேரம் பெராரிக்கும் மக்லரனுக்கும் 7.8 செக்கன், போர்ஷேக்கு 8.9, லம்போகினிக்கு 9.0. போர்ஷே 650 குதிரைவலு, 1,640 கிலோ. மக்லரன் 720 குதிரைவலு, 1,419 கிலோ. வேகம் ஏற ஏற சில்லின் பிடி அல்ல, வலுவும் பாரமும்தான் பேசும். முடிவே தலைகீழாகிற இடம் இதுதான். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பெராரி, லம்போகினி, மக்லரன் மூன்றின் உற்பத்தியும் நின்றுவிட்டது என்பதும் இல்லை.

நான் படித்துவிட்டு மட்டும் பேசவில்லை. டுபாயில் இப்படிப்பட்ட கார்கள் வந்துபோகும் ஒரு கராஜில் பல வருடம் வேலை செய்தவன். கோடையில் உரிமையாளர்கள் கோபத்தோடு வருவார்கள். கம்பனி சொன்ன வேகம் இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். கணினியைச் செருகிப் பார்த்தால் எஞ்சினுக்குள் போகும் காற்றே கொதித்துக்கொண்டிருக்கும். சூடான காற்றில் ஒட்சிசன் குறைவு. நொக், அதாவது எரிபொருள் நேரம் தப்பி வெடித்துத் தட்டுவது, வராமல் இருக்க எஞ்சின் தானே டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், இழுவை விழும். பக்கவாட்டுக் காற்றுத் துவாரத்துக்குள் கையை விட்டால் ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையில் மணல் மாவாக இறுகிக் கிடக்கும். மெல்லிய நீர்த்தாரையில் பொறுமையாகக் கழுவி எடுத்தால் போன வலுவில் ஒரு பங்கு திரும்பி வரும். ரயர் இன்னொரு கதை. வெளியில் நின்று பார்த்தால் பின் ரயர் புத்தம் புதிதாகத் தெரியும். காரைத் தூக்கி உள்விளிம்பில் விரலை வைத்தால் ரப்பர் தேய்ந்து வெளியே வந்த கம்பி குத்தும். அந்த ரயரோடு 2.9 செக்கன் எங்கே வரப்போகிறது? மெய்யான ஓட்டம் என்பது இவ்வளவும் சேர்ந்ததுதான் ஐயா.

நிறுவனங்களே இதில் சண்டை பிடித்திருக்கின்றன. 2008 இல் நிசான் தன் ஜி.டி.ஆர். காரை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுபாதையில் 7 நிமிடம் 29 செக்கனில் சுற்றிவிட்டதாக அறிவித்தது. போர்ஷே அதை நம்பவில்லை. ஒரு ஜி.டி.ஆரை விலைக்கு வாங்கித் தானே ஓட்டிப் பார்த்து, 7 நிமிடம் 54 செக்கன் வந்தது என்றது. ஒரே ஓடுபாதையில், ஒரே வகைக் காருக்கு 25 செக்கன் வித்தியாசம். எந்த ரயர், எந்தச் சாரதி, எந்த நாள் என்பதெல்லாம் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கின்றன. வாகனப் பக்கம் எழுதுகிறவர் வாசகருக்குச் சொல்ல வேண்டியது இதைத்தானே.

குடாநாட்டுக்காரனுக்கு நுணுக்கம் தேவையில்லை என்கிறீர்கள். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது இந்த ஊர் என்ன செய்தது என்பது உங்கள் அலுவலகத்திலேயே பலருக்கு நினைவிருக்கும். ஒஸ்ரின் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குக் கொடுத்து ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். சூடேற முன் மாற்றினால் இருமிக்கொண்டு நின்றுவிடும். நிறுத்த முன் திரும்பப் பெற்றோலுக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை கிளம்பாது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும், அதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூட்டுவோம். ஒஸ்ரினின் கொம்பிரசன், அதாவது எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் அமுக்கும் விகிதம், ஏழுக்குச் சற்று மேல்தான், அதனால் மண்ணெண்ணெயைத் தாங்கியது. கொம்பிரசன் கூடிய பிந்திய கார்கள் தட்டித் தட்டிப் பழுதாகின. நகரத் தரிப்பிடத்தில் நின்ற ஹயர் கார்ச் சாரதிகளுக்கு எரிபொருள் நொக்கைத் தாங்கும் அளவான ஒக்ரேன் என்றால் என்ன, டைமிங்கை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதெல்லாம் கைப்பாடம். அவர்களைப் பார்த்தா படம் போதும் என்று எழுதினீர்கள்?

இதைப் பற்றி விரிவாக எழுதி உங்கள் பத்திரிகைக்கு முன்பும் அனுப்பினேன். பிரசுரமாகவில்லை, ஏன் என்று ஒரு வரியும் வரவில்லை. அதன் பிறகு ஒரு திருமண ஊர்வலப் படத்தில் ஒஸ்ரின் ஏ40 ஐ மொரிஸ் மைனர் என்று போட்டீர்கள். அதற்கும் எழுதினேன். திருத்தம் வரவில்லை. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கியூ.ஆர். அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று நாங்கள் வரிசையில் நின்றோம். எரிபொருளைச் சிக்கனமாக எப்படி ஓட்டுவது என்று உங்கள் வாகனப் பக்கம் ஒரு பத்தி போடும் என்று காத்திருந்தேன். அப்போதும் வெளிநாட்டுக் கார்ப் படம்தான் வந்தது. வாசகன் மீது மதிப்பிருந்தால் இப்படி நடக்குமா?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. கட்டுரை முழுவதும் கிளம்புகிற வேகம்தான், பிறேக் பற்றி எதுவும் இல்லை. எந்தத் தூரத்தில் நிற்கிறது, நனைந்த வீதியில் ஓடுபாதை ரயர் எப்படி வழுக்கும் என்பதையெல்லாம் விட்டுவிட்டீர்கள். கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியில் பின்னேரங்களில் பெடியள் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போவதை நீங்களும் பார்க்கிறீர்கள். ஊருக்குள் சட்டம் விதித்த வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். வேகத்தைப் பற்றி அவர்கள் விரும்பிப் படிக்கிற பக்கம் உங்களிடம் அது ஒன்றுதான். அதில் நிற்பதைப் பற்றியும் எழுதியிருந்தால் யாராவது ஒருவனாவது படித்திருப்பான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனிமேல் இப்படி அட்டவணை போடும்போது அதன் கீழே ஒரு வரி சேருங்கள். யார் அளந்தது, எந்த வேகம் வரை, எந்த ரயரில் என்று இருந்தால் போதும். கடிதம் நீளம் என்றால் டுபாய்க் கதையையும் ஒஸ்ரின் கதையையும் வெட்டிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. போர்ஷேயின் 2.2 க்குப் பதிலாக 2.7 என்ற திருத்தத்தை மட்டும் வரும் ஞாயிறு அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் போடும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்ட கால வாசகன்,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக்,
கோண்டாவில்.